ஜனவரி கேள்வியை அக்டோபரில் கேட்காதீங்க: மரக்காணம் உப்பளத்தில் நான் கத்துக்கிட்ட காஸ்டிங்



நம்ம சேனலுக்கு அடிக்கடி வர்ற மூணு கேள்விகளை முதல்ல சொல்லிடறேன்.

ஒண்ணு: "சார், 400 ரூபாய்க்கு வாங்கின ஷேர் 260-ல நிக்குது. வாங்கின விலைக்கு வந்ததும் வித்துடலாம்னு இருக்கேன். சரியா?"

ரெண்டு: "அஞ்சு வருஷமா பாலிசி கட்டிட்டேன் சார். இப்போ நிறுத்தினா கட்டினதெல்லாம் வீணாயிடுமே?"

மூணு: "நாலு லட்சம் செலவு பண்ணி இந்தப் படிப்பு படிச்சேன். வேற ஃபீல்டுக்குப் போனா அந்தக் காசு என்ன ஆகறது?"

மூணும் வேற வேற கேள்வி மாதிரி தெரியும். ஆனா பதில் ஒண்ணுதான். அந்தப் பதில் ஷேர் மார்க்கெட் புத்தகத்தில் இல்லை. தொழிற்சாலைகளுக்காக எழுதப்பட்ட காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் இருக்கு. நான் அதை ஐபிசிசி-யில் ஒரு தடவை, ஃபைனலில் ஒரு தடவை படிச்சேன். பரீட்சையில் சரியா எழுதி பாஸும் ஆனேன். ஆனா அது எனக்குப் புரிஞ்சது மரக்காணத்தில், என் மாமாவோட காசைக் கரைச்ச பிறகுதான்.

மாசச் சம்பளம் வாங்கற எல்லோருக்கும் பி.இ. ரேஷியோவை விட, எக்ஸ்பென்ஸ் ரேஷியோவை விட முதல்ல தெரிய வேண்டியது காஸ்டிங்தான். இது என் கருத்து. ஏன்னு இந்தக் கட்டுரையில் சொல்றேன். கொஞ்சம் நீளம்தான், டீ போட்டுட்டு வாங்க.

உப்பு எப்படி விளையுது?

சென்னையில் இருந்து புதுச்சேரிக்கு இசிஆரில் போயிருந்தீங்கன்னா மரக்காணத்தைப் பார்க்காம இருந்திருக்க முடியாது. ரோட்டு ஓரமா கண்ணாடி மாதிரி தண்ணி தேங்கின பாத்திகள், நடுவுல வெள்ளை வெள்ளையா குவியல்கள், சிலது மேல ஓலை போட்டு மூடியிருக்கும். செல்ஃபி எடுத்துட்டுக் கிளம்பிடுவோம். அது ஒரு ஃபேக்டரி. கூரை இல்லாத ஃபேக்டரி, அவ்வளவுதான்.

கடல் தண்ணியில் சுமார் 3.5 சதவீதம்தான் உப்பு. அந்தத் தண்ணியைப் பெரிய பாத்தியில் விட்டு, அடுத்த பாத்திக்கு மாத்தி, அதுக்கு அடுத்ததுக்கு மாத்தி, வெயிலிலும் காத்திலும் சுண்ட வைக்கறாங்க. அடர்த்தியை அளக்க போமே டிகிரின்னு ஒரு அளவு இருக்கு. கடல் தண்ணி சுமார் 3 டிகிரியில் ஆரம்பிக்கும். சுண்டச் சுண்ட ஜிப்சம் படியும். 25 டிகிரி கிட்ட வந்ததும் நம்ம சமையல் உப்பு படிய ஆரம்பிக்கும். 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டா மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். அதுக்கு முன்னாடி மிச்சத் தண்ணியை வெளியேத்திடணும்.

சீசன் ஜனவரியில் ஆரம்பிக்குது. அந்த மாசம் உப்பே வராது, செலவு மட்டும்தான். மழையில் சேர்ந்த சேத்தை எடுக்கணும், உடைஞ்ச வரப்பைக் கட்டணும், பாத்தியின் தரையைக் காலால் மிதிச்சு மிதிச்சு கெட்டியாக்கணும். இல்லைன்னா தண்ணி கீழே இறங்கிடும், உப்போடு சேறும் வரும். அதுக்கப்புறம் வெயில் ஏற ஏற விளைச்சல். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துட்டா கடை மூடின மாதிரி.

இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத் முதலிடம், தமிழ்நாடு ரெண்டாவது. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்குத்தான் பெரிய பங்கு. வேதாரண்யம், மரக்காணம் எல்லாம் அதுக்கு அப்புறம். விலையை முடிவு பண்ற இடத்தில் மரக்காணத்துக்காரங்க இல்லை. அதனால அவங்க கையில் இருக்கறது ரெண்டே விஷயம்: செலவு, அப்புறம் எப்போ விக்கறதுங்கற முடிவு.

அந்த ரெண்டாவதில்தான் நான் மூக்கை நுழைச்சேன்.

2015, என் முதல் 'கன்சல்டிங்'

2015 ஜூலையில் ரிசல்ட் வந்தது. பேருக்கு முன்னாடி சிஏ போட்டுக்கலாம். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. என் அம்மாவோட தம்பி, அதாவது என் மாமா, மரக்காணத்தில் 10 ஏக்கர் உப்பளம் குத்தகைக்கு எடுத்து செஞ்சுக்கிட்டு இருந்தார். அக்டோபர் முதல் வாரம் ஊருக்குப் போனப்போ, "மாப்ள, நீதான் ஆடிட்டர் ஆயிட்டியே, நம்ம கணக்கைக் கொஞ்சம் பாரேன்"னு ஒரு நீளமான நோட்டைக் கொடுத்தார்.

கீழே இருக்கற எண்கள் அசல் எண்கள் இல்லை. நீங்க மனக்கணக்கா போட வசதியா மாத்தி எழுதியிருக்கேன். விகிதம் ஏறக்குறைய அதுதான்.

குத்தகை: 60,000 ரூபாய்.
சேறு எடுக்க, வரப்பு கட்ட, பாத்தி மிதிக்க: 1,60,000.
மோட்டார் பராமரிப்பு, காவல்: 80,000.
இதெல்லாம் சேர்த்து 3,00,000. உப்பு ஒரு டன் வந்தாலும் 250 டன் வந்தாலும் இது மாறாது. இதுதான் ஃபிக்ஸட் காஸ்ட்.

உப்பை வாரி, கரையேத்தி, குவியல் போட: டன்னுக்கு 800.
மூட்டை பிடிச்சு லாரியில் ஏத்த: டன்னுக்கு 200.
ஆக டன்னுக்கு 1,000. எத்தனை டன்னோ அத்தனை ஆயிரம். இது வேரியபிள் காஸ்ட்.

அந்த வருஷ விளைச்சல் 250 டன். நான் கால்குலேட்டரை எடுத்தேன். 3,00,000-ஐ 250-ஆல வகுத்தா டன்னுக்கு 1,200. கூட 1,000. மொத்தம் 2,200 ரூபாய். "மாமா, ஒரு டன் உப்புக்கு உங்க அடக்க விலை 2,200"ன்னு சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். இத்தனை வருஷமா குத்துமதிப்பா தெரிஞ்சதை ஒருத்தன் ரூபாய் கணக்கா சொல்லிட்டானேன்னு.

சீசனில் 190 டன்னை 2,500 ரூபாய்க்கு வித்திருந்தார். 60 டன் குவியலா கரையில் கிடந்தது. ஒரு வியாபாரி அதுக்கு 1,500 ரூபாய் கேட்டிருந்தார். மழை வரப்போகுதுன்னு அவருக்கும் தெரியும், அதனால அடிமாட்டு விலை.

மாமா என்னைப் பார்த்தார். நான் கொஞ்சமும் யோசிக்கலை. "அடக்கம் 2,200. அவர் கேக்கறது 1,500. டன்னுக்கு 700 ரூபாய் நஷ்டத்துக்கு யாராவது விப்பாங்களா? வேண்டாம்னு சொல்லிடுங்க. ஓலை போட்டு மூடி வைங்க, மழை முடிஞ்சு விலை ஏறினதும் விக்கலாம்."

மாமா ஒரு நிமிஷம் குவியலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அப்புறம், "நீ படிச்சவன், சொன்னா சரியா இருக்கும்"னார். ஓலை, கயிறு, கூலின்னு 15,000 ரூபாய் செலவு பண்ணி மூடினார்.

2015 நவம்பர் 9-ம் தேதி ஒரு ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. அந்த வருஷ மழையைப் பத்தி சென்னைக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மரக்காணத்தில் மேல இருந்து கொட்டின தண்ணியை ஓலை ஓரளவு தாங்கிச்சு. கீழே இருந்து ஏறின தண்ணியை எது தாங்கும்? மாமாவோட குவியல் இருந்தது தாழ்வான பக்கம். தண்ணி வடிஞ்சப்போ மிஞ்சினது 12 டன், அதுவும் சேறு கலந்தது. தோல் பதப்படுத்தற வேலைக்குன்னு ஒருத்தர் டன் 1,000 ரூபாய்க்கு எடுத்துக்கிட்டார்.

"உப்பு விக்கப் போனா மழை பெய்யுது"ன்னு நம்ம ஊர்ல ஒரு பழமொழி இருக்கே, அதை மாமா சொல்லுவார்னு எதிர்பார்த்தேன். அவர் எதுவும் சொல்லலை. அதுதான் இன்னும் உறுத்துது.

நான் எங்கே தப்பு பண்ணேன்?

மழை வந்தது என் தப்பு இல்லை. 2,200-ங்கற எண்ணும் தப்பு இல்லை. அந்த எண்ணை எடுத்துக்கிட்டுப் போய் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னேன் பாருங்க, அதுதான் தப்பு.

அக்டோபரில் நிலைமை என்ன? குத்தகை கொடுத்தாச்சு. வரப்பு கட்டியாச்சு. அந்த 60 டன்னை வாரிக் குவிச்ச கூலியும் கொடுத்தாச்சு. வித்தாலும் விக்காட்டாலும் அந்தக் காசு திரும்பி வராது. இதுக்குப் பேருதான் சங்க் காஸ்ட், மூழ்கின செலவு. இனிமேல் ஆகப்போற செலவு மூட்டைக்கும் லாரிக்கும் டன்னுக்கு 200 மட்டும். அப்போ 1,500-க்கு வித்தா கையில் நிக்கறது 1,300. அறுபது டன்னுக்கு 78,000 ரூபாய்.

இப்போ மொத்த சீசனையும் பாருங்க. 190 டன் வித்ததில் டன்னுக்கு 2,500-ல 1,000 போக 1,500. இதைத்தான் கான்ட்ரிப்யூஷன்னு சொல்றோம். ஃபிக்ஸட் காஸ்ட்டை அடைக்க ஒவ்வொரு டன்னும் கொடுக்கற பங்கு. மொத்தம் 2,85,000. மீதி 60 டன்னை 1,500-க்கு வித்திருந்தா டன்னுக்கு 500 வீதம் இன்னொரு 30,000. கூட்டினா 3,15,000. ஃபிக்ஸட் காஸ்ட் 3,00,000 போக 15,000 ரூபாய் லாபம்.

'டன்னுக்கு 700 ரூபாய் நஷ்டம்'னு நான் சொன்ன வியாபாரம்தான் அந்த சீசனை லாபத்தில் முடிச்சிருக்கும். நடந்தது என்ன? கான்ட்ரிப்யூஷன் 2,85,000. அதில் 60 டன் வாரின கூலி 48,000 போச்சு, ஃபிக்ஸட் 3,00,000 போச்சு, ஓலைக்கு 15,000 போச்சு. சேத்து உப்பில் லோடு கூலி போக வந்தது 9,600. கணக்கு முடிச்சா 68,400 ரூபாய் நஷ்டம்.

சரி, அப்போ அக்டோபரில் வித்திருக்கணும்னு சொல்றேனா? அதுவும் இல்லை. மூடி வெச்சு மழை முடிஞ்சு விக்கறது அங்கே எல்லோரும் செய்யறதுதான், பல வருஷம் நல்ல விலையும் கிடைக்கும். ஆனா கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. மழைக்கு அப்புறம் 2,800 கிடைக்கும்னு வைங்க. லோடு கூலி போக 2,600. இன்னிக்குக் கையில் வரக்கூடிய 78,000, ஓலைச் செலவு 15,000, மொத்தம் 93,000-ஐ ஈடு கட்ட சுமார் 36 டன் தப்பிக்கணும். கேள்வி இதுதான்: "மாமா, இந்த இடத்தில், இந்த வருஷ மழையில், 60 டன்ல 36 டன்னாவது தப்பிக்குமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும். முப்பது வருஷம் அந்த மண்ணில் நின்னவர். "தாழ்வுல கிடக்கற பாதியை இன்னிக்கே தள்ளிடுவோம், மேட்டுல இருக்கறதை மூடுவோம்"னு சொல்லியிருப்பார். பின்னாடி ஒரு நாள் அப்படித்தான் நினைச்சிருந்ததா அவரே சொன்னார். அவருக்குப் பதில் தெரிஞ்ச கேள்வியை நான் கேட்கவே இல்லை. 2,200-ன்னு ஒரு எண்ணைச் சொல்லி அவர் வாயை அடைச்சுட்டேன்.

அடுத்த வருஷம் அவர் 10 ஏக்கரில் 4 ஏக்கரை விட்டுட்டார். பாத்தி தயார் பண்ண கையில் காசு இல்லை.

அப்போ 2,200 எதுக்கு?

அந்த எண் குப்பைக்குப் போக வேண்டியது இல்லை. அதுக்கு ஒரு நேரம் இருக்கு. அந்த நேரம் ஜனவரி.

ஜனவரியில் குத்தகைக் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எந்தச் செலவும் மூழ்கலை. எல்லாமே உங்க கையில் இருக்கு. அப்போ கேட்கணும்: இந்த வருஷம் எத்தனை டன் வரும், என்ன விலை போகும், 3,00,000-ஐ அடைக்க எத்தனை டன் வேணும்? டன்னுக்கு 1,500 கான்ட்ரிப்யூஷன்னா 200 டன். இதுதான் பிரேக்-ஈவன். எதிர்பார்க்கற விளைச்சல் 250 டன்னா, 50 டன்தான் இடைவெளி. மே மாசத்தில் நாலு நாள் கோடை மழை பெய்ஞ்சா அந்த 50 டன் போயிடும். அப்போ இந்தக் குத்தகை எனக்குத் தேவையா? இது ஜனவரி கேள்வி.

அக்டோபர் கேள்வி வேற: இனிமேல் என்ன வரும், இனிமேல் என்ன போகும்?

ரெண்டையும் மாத்திக் கேட்டா ரெண்டு பக்கமும் அடி விழும். அக்டோபரில் ஜனவரி கேள்வி கேட்டா என் மாமா மாதிரி. ஜனவரியில் அக்டோபர் கேள்வி கேட்டாலும் ஆபத்துதான். "கைச்செலவு ஆயிரத்துக்கு மேல எது வந்தாலும் சரி"ன்னு ஒவ்வொரு வருஷமும் வித்தா குத்தகைப் பணம் எங்கே இருந்து வரும்? மூணு வருஷத்தில் தொழிலே போயிடும்.

இது நான் கண்டுபிடிச்சது இல்லை. 1772-ல இங்கிலாந்தில் பீங்கான் செஞ்ச ஜோசையா வெட்ஜ்வுட், வியாபாரம் படுத்தப்போ தன் கணக்கைத் தோண்டினார். அச்சு, வாடகை மாதிரி செலவுகள் எத்தனை பொருள் செஞ்சாலும் ஒரே மாதிரி ஓடிக்கிட்டே இருக்குன்னு அப்போதான் கவனிச்சார். 1923-ல ஜான் மாரிஸ் கிளார்க்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார நிபுணர், ஒவ்வொரு நோக்கத்துக்கும் வேற வேற காஸ்ட் இருக்கு, எல்லாத்துக்கும் பொதுவான ஒரே காஸ்ட் கிடையாதுன்னு ஒரு முழுப் புத்தகத்தில் விளக்கினார். நான் அதையெல்லாம் பரீட்சைக்குப் படிச்சேன், பத்து மார்க்குக்கு.

இப்போ உங்க சம்பளத்துக்கு வருவோம்

முதல்ல அந்த மூணு கேள்விகள்.

260-ல நிக்கற ஷேர். உங்க 400 ரூபாய் என் 2,200 மாதிரி. நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்கன்னு அந்தக் கம்பெனிக்குத் தெரியாது, மார்க்கெட்டுக்கும் தெரியாது. அக்டோபர் கேள்வி: இன்னிக்கு உங்க கையில் 260 ரூபாய் ரொக்கமா இருந்தா இதே ஷேரை வாங்குவீங்களா? ஆமான்னா வெச்சுக்கோங்க. இல்லைன்னா எதுக்கு வெச்சிருக்கீங்க? ஒரே ஒரு விதிவிலக்கு வரி. வாங்கின விலை வரிக் கணக்குக்கு வேணும். நஷ்டத்தில் வித்தா அதை வரி விதிகளுக்கு உட்பட்டு மத்த மூலதன ஆதாயத்தில் கழிச்சுக்கலாம். மிச்சம் இருந்தா, ரிட்டர்னை உரிய தேதிக்குள் போட்டிருந்தா, 8 வருஷம் வரைக்கும் கொண்டு போகலாம். அது இனிமேல் வர்ற காசு, அதனால கணக்கில் சேரும்.

அஞ்சு வருஷம் கட்டின பாலிசி. கட்டினதைக் கூட்டிப் பார்க்காதீங்க. ரெண்டே விஷயம் பாருங்க: இன்னிக்கு சரண்டர் பண்ணா என்ன கிடைக்கும், தொடர்ந்தா இனிமேல் எவ்வளவு கட்டணும், கடைசியில் எவ்வளவு வரும். இன்னிக்குக் கிடைக்கற சரண்டர் தொகையையும் இனிமேல் கட்டப்போற பிரீமியத்தையும் வேற இடத்தில் போட்டா என்ன ஆகும்னு பக்கத்தில் எழுதுங்க. சில சமயம் தொடர்றதுதான் லாபமா வரும், குறிப்பா முடிய கொஞ்ச வருஷம்தான் பாக்கின்னா. ஆயுள் காப்பீடு தேவைன்னா டேர்ம் பாலிசி கையில் வந்த பிறகு இதை முடிவு பண்ணுங்க.

நாலு லட்சத்துப் படிப்பு. உப்புத் தண்ணியில் ஜிப்சமும் உப்பும் ஒரே செலவில்தான் வருது. தண்ணி இறைச்ச செலவில் ஜிப்சத்துக்கு எவ்வளவு, உப்புக்கு எவ்வளவுன்னு பிரிச்சு அழறதில் அர்த்தம் இல்லை. அது ஜாயின்ட் காஸ்ட், ரெண்டுக்கும் பொது. அதுக்கப்புறம் உப்பை அரைச்சு அயோடின் சேர்த்து பாக்கெட் போடலாமா, குவியலா விக்கலாமாங்கற முடிவுக்கு, அரைக்கற செலவும் கூடுதலா கிடைக்கற விலையும் மட்டும்தான் கணக்கு. உங்க டிகிரியும் அப்படித்தான். அது முடிஞ்சுபோன செலவு. அடுத்த படி எடுத்து வைக்க இனிமேல் எவ்வளவு ஆகும், அதனால கூடுதலா எவ்வளவு வரும், அதை மட்டும் கேளுங்க.

காபியை விடுங்க, ஃபிக்ஸட் காஸ்ட்டைப் பாருங்க

இங்கே என் சக யூடியூபர்களோட எனக்கு ஒரு சண்டை உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படி வீடியோ போட்டவன்தான். "தினம் காபிக்கு 150 ரூபாய் செலவு பண்றீங்க, அதை எஸ்ஐபி-யில் போட்டிருந்தா..." காபி வேரியபிள் காஸ்ட். வேலை போன அன்னிக்கு நீங்களே நிறுத்திடுவீங்க. நிறுத்த முடியாதது எதுன்னு பாருங்க.

ரெண்டு பேர். ரெண்டு பேருக்கும் கையில் 60,000 சம்பளம். ரெண்டு பேர் கிட்டயும் சேமிப்பு 1,80,000. முதல் ஆளுக்கு வாடகை, இஎம்ஐ, வீட்டுக்கு அனுப்பறது எல்லாம் சேர்த்து ஃபிக்ஸட் 24,000. ரெண்டாவது ஆளுக்கு கார் இஎம்ஐ, பெரிய ஃப்ளாட், பெர்சனல் லோன் சேர்த்து 45,000. வேலை போச்சுன்னா சிக்கனமா சாப்பிட 8,000 வைங்க. முதல் ஆள் அஞ்சரை மாசம் தாங்குவார். ரெண்டாவது ஆள் மூணரை மாசம்கூடத் தாங்க மாட்டார். இந்த ரெண்டு மாச வித்தியாசத்தில்தான் கிடைச்ச முதல் வேலைக்குத் தலையாட்டறதா, நல்ல வேலைக்குக் காத்திருக்கறதான்னு முடிவாகும்.

லோன் பேப்பரில் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி நாள் உங்களுக்கு ஜனவரி. அன்னிக்கு முழு அடக்க விலையைக் கேளுங்க. காருக்கு இஎம்ஐ மட்டும் போடாதீங்க, இன்ஷூரன்ஸ், சர்வீஸ், பார்க்கிங், அஞ்சு வருஷத்தில் விலை எவ்வளவு இறங்கும் எல்லாம் போடுங்க. கையெழுத்து போட்ட மறுநாள் அக்டோபர் வந்துடும். அதுக்கப்புறம் நீங்க எவ்வளவு புத்திசாலின்னாலும் ஃபிக்ஸட் காஸ்ட் உங்களைக் கேட்டுக்கிட்டு வராது.

வேலை மாறறதுக்கும் இதே கணக்குதான். திண்டிவனத்தில் வீட்டில் இருந்து வேலை பாக்கற ஒருத்தருக்கு சென்னையில் மாசம் 18,000 கூடுதலா ஒரு ஆஃபர். ரூம் 9,000, சாப்பாடு 5,000, பஸ்ஸும் மெட்ரோவும் 2,500, வாரக் கடைசியில் ஊருக்கு வந்து போக 2,000. மொத்தம் 18,500. அப்பா அம்மா வீட்டுச் செலவு எப்படியும் அதே செலவுதான், அதை இதில் சேர்க்காதீங்க. கூடினது 18,000, கூடின செலவு 18,500. போக வேண்டாம்னு சொல்லலை. காசுக்காகப் போறோம்னு நினைச்சுக்கிட்டுப் போகாதீங்க, அனுபவத்துக்காகப் போறோம்னு தெரிஞ்சு போங்க.

மழை மாசம் எல்லோருக்கும் உண்டு

உப்பளத்தில் வேலை செய்யறவங்களுக்கு அக்டோபரில் இருந்து டிசம்பர் வரைக்கும் வேலை இல்லை. 2022-ல தமிழ்நாடு அரசு அந்த மாசங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்க ஆரம்பிச்சது. மூணு மாசத்துக்கு 5,000 எவ்வளவு தூரம் வரும்னு நீங்களே வகுத்துப் பாருங்க. 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தப்போ, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல மழை. மரக்காணம் உப்பளங்கள் மூழ்கிச்சு. அடுத்த சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சேறு எடுக்கற செலவு மறுபடி முதல்ல இருந்து.

நான் என் 2015 நோட்டில் 'வேரியபிள் காஸ்ட்: டன்னுக்கு 800'ன்னு ஒரு வரி எழுதினேன் இல்லையா, அந்த 800 ஒரு அம்மாவோட கூலி. கொதிக்கற வெயிலில், உப்பு அறுத்த காலோட, கண் கூசக் கூச உப்பு வாருறவங்க. உப்பு இல்லைன்னா என் நோட்டில் அந்தச் செலவு பூஜ்யம் ஆயிடும். அவங்க வீட்டு வாடகையும் அரிசியும் பூஜ்யம் ஆகாது. கணக்குப் புத்தகம் ஒருத்தர் பக்கத்தில் இருந்துதான் எழுதப்படுது. ஒருத்தரோட வேரியபிள் காஸ்ட் இன்னொருத்தரோட முழு வருமானம்.

இதை அவங்களுக்காகப் பரிதாபப்படச் சொல்லலை. நீங்க யார் புத்தகத்தில் எந்த வரியில் இருக்கீங்கன்னு பார்க்கச் சொல்றேன். ஐ.டி. கம்பெனியில் உங்களுக்கு க்ளையன்ட் கிட்ட பில் போடற தொகைக்கும் உங்க சிடிசிக்கும் நடுவில் இருக்கறதுதான் உங்க கான்ட்ரிப்யூஷன். பெஞ்சில் உட்கார்ந்தா நீங்க ஐடில் கெபாசிட்டி, மழை மாசத்து உப்பளம் மாதிரி. உங்க மேனேஜர் நல்லவரா இருக்கலாம், ஆனா எக்செல் ஷீட்டில் அந்த காலம் இருக்கு. எத்தனை மாசம் பெஞ்சில் விடுவாங்க, உங்க சம்பளத்தில் வேரியபிள் பே எவ்வளவு, அது கடைசியா எந்த வருஷம் முழுசா வந்தது? இதெல்லாம் தெரிஞ்சா உங்க மழை மாசம் எப்போ வரும்னு ஓரளவு சொல்லலாம். எமர்ஜென்சி ஃபண்ட்னு நாங்க சொல்றது அந்த மாசத்துக்கான ஓலை. மழை ஆரம்பிச்ச பிறகு ஓலை விலை ஏறிடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை

ஒரு வெள்ளைத் தாள் எடுங்க. ஆப் வேண்டாம். நடுவில் ஒரு கோடு போடுங்க.

இடது பக்கம், நாளைக்கே சம்பளம் நின்னாலும் அடுத்த மாசம் கட்டியே ஆக வேண்டியது. வருஷத்துக்கு ஒரு தடவை வர்றதை மறக்காதீங்க: வண்டி இன்ஷூரன்ஸ், தீபாவளி, தங்கச்சி பீஸ். பன்னிரண்டால வகுத்து எழுதுங்க. வலது பக்கம், நீங்க நினைச்சா நிறுத்தக்கூடியது.

இடது பக்கக் கூட்டுத்தொகையைச் சம்பளத்தால வகுங்க. பாதிக்கு மேல போச்சுன்னா உங்க பிரேக்-ஈவன் ரொம்ப உயரத்தில் இருக்கு, ஒரு கோடை மழை போதும். உங்க சேமிப்பை இடது பக்கமும் சாப்பாடும் சேர்ந்த தொகையால வகுங்க. எத்தனை மாசம்னு வரும். அந்த எண்ணை ஃபோனில் எங்கேயாவது எழுதி வைங்க.

அப்புறம் கீழே ஒரு வரி: இப்போ உங்க மனசில் ஓடற பெரிய பண முடிவு எது? அதுக்குப் பக்கத்தில் ஜனவரின்னு எழுதுவீங்களா, அக்டோபர்னு எழுதுவீங்களா? அதை முடிவு பண்ணிட்டீங்கன்னா என்னை மாதிரி ஒரு ஆடிட்டரோட உதவி உங்களுக்குப் பாதிதான் தேவைப்படும்.

மாமா இன்னும் 6 ஏக்கர் செய்யறார். ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் கடைசியில் ஃபோன் வரும். "மாப்ள, இத்தனை டன் கிடக்கு, இன்ன விலை கேக்கறாங்க." நான் இப்போ விலையைப் பத்திப் பேசறதில்லை. "குவியல் எந்தப் பக்கம் கிடக்கு மாமா?"ன்னுதான் முதல்ல கேக்கறேன்.